அண்ணையின் குதிக்காலும் இருபத்தொரு அவித்த முட்டையும்

ரொறன்ரோவில் இருக்கிற தமிழர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். குதிக்காலை வைத்து அடையாளம் காண்பவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சட்டையில் தொங்கிய அட்டையில் அதை அச்சடித்தும் இருந்தார்கள். ஆனால் அந்த அட்டை எந்த நாளும் திரும்பியே கிடக்கும். அதனால் ஸ்காபரோவில் நாங்கள் எல்லோரும் அவரைக் குதிக்கால் அக்கா என்றுதான் சொல்லுவோம். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர். அறுபது வயதுக்காரனான நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு முன்னால் நின்றால் யாருக்கும் வயது குறைந்துவிடும்.

வேலை, நேர்ஸ். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், படுக்கையில் கிடந்து வரும் புண்களைப் பார்ப்பதற்கென்றே இருந்தவர். ஊர் மட்டக்களப்பு. மட்டக்களப்புக்குப் போகிறவனைத் திரும்பிவர விடாமல் அங்கே மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழங்கதை உண்டு. எங்களுடைய ஆட்கள் அதைச் சொல்லி அவரைச் சீண்டுவார்கள். அக்கா அசையமாட்டார். "ஒட்டினவங்களைக் கழட்டுறதுதான் கா என்ட வேலை. வந்து பாருங்க, எல்லாம் யாழ்ப்பாணத்து ஆக்கள்" என்று, ஆணையும் பெண்ணையும் விளிக்கும் மட்டக்களப்புக் 'கா' போட்டுச் சொல்லுவார்.

கோயிலுக்கு அவர் வருவது சாமி கும்பிடத்தான் என்று ஐயர் நம்பிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கும் இடம் ரொறன்ரோவில் வேறு எங்கே இருக்கிறது? தீபாராதனை நேரம் எல்லோரும் கண்ணை மூடிக் கையெடுக்க, அக்கா கண்ணைத் திறந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். பிறகு யாராவது ஒருவரின் முதுகில் தட்டுவார். "அங்கிள், உங்களுக்குச் சீனி வருத்தம் இரிக்கா? இடது குதி வெடிச்சிரிக்கு. திங்கட்கிழமை டொக்டரிட்டக் காட்டுங்க." அந்த அங்கிள் அர்ச்சனைத் தட்டோடு விழித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் காலைக் கழுவக் குனிந்த நேரம், அக்கா மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றாராம். ஆசீர்வதிக்கப் போகிறார் என்று வீடியோக்காரர் விலகி இடம் விட்டிருக்கிறார். அக்கா தகப்பனின் உள்ளங்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காயம் எத்தனை நாளா இரிக்கு?" என்று கேட்டாராம். அது இன்றைக்கும் அந்த வீடியோவில் நாதஸ்வரத்துக்கு இடையே கேட்கும் என்கிறார்கள். செத்தவீட்டிலும் அவர் கால்மாட்டில்தான் நிற்பார் என்று ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. பிறகு நம்பினேன்.

இனி என் அண்ணையின் கதைக்கு வருகிறேன். சொன்னால் எனக்குத்தான் வெட்கம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணைக்கு எழுபது வயது. பிக்கரிங்கில் இருக்கிறார். மாசி மாதம் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் தன் வாசல் பனியைத் தள்ளி முடித்துவிட வேண்டும் என்ற வீம்பில் போய், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். இடுப்பை ஆஸ்பத்திரியில் பொருத்திவிட்டார்கள். ஆனால் அங்கே அசையாமல் கிடந்த நாட்களில் வலது குதிக்கால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகிவிட்டது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வேறு. மூன்று மாதம் வரை வைத்துத் தேற்றி அனுப்பும் பிரிவு ஒன்று அக்காவின் இல்லத்தில் இருந்தது. அங்கே கொண்டுவந்து விட்டோம்.

அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. டவுன்ரவுணில் ஓர் உணவகக் குசினியில் இருபத்திரண்டு வருடம் நின்ற கால் அது. அது நின்றதால்தான் நான் கனடா வந்தேன். என்னைக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். அந்தக் காலுக்கு நான் செய்த கைம்மாறு என்னவென்று இனித்தான் சொல்லப்போகிறேன்.

முதல் நாள் அக்கா தள்ளுவண்டியோடு அறைக்குள் வந்தார். அதில் பஞ்சு, துணி, காகித அடிமட்டம், ஒரு மூலையில் ஆறிப்போன தேநீர். காலை மூடியிருந்த போர்வையை அவர் தொடக்கூட இல்லை. கதிரை எடுத்து உட்காரவும் இல்லை. நின்றபடியே கேட்டார்.

"அண்ணன், இண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"காலைப் பாக்கேல்லையோ தங்கச்சி?"

"கால் எங்கயும் போகாது. சாப்பாட்டைச் சொல்லுங்க."

அண்ணை சொன்னார். பாண், தேத்தண்ணி, கொஞ்சம் சோறு, பருப்பு. அக்கா அதை எழுதிக்கொண்டார். பிறகுதான் போர்வையை விலக்கினார். "புண்ணை நான் மூடுறதில்ல. உங்கட வாய்தான் அதை மூடணும். நான் காவல் மட்டும்தான்" என்றார்.

புண் இரண்டு டொலர் நாணயக் குற்றி அளவு இருந்தது. அக்கா அதைக் காகித அடிமட்டத்தால் அளந்தார். அளந்ததை மணிக்கூட்டுக் கணக்கில் சொல்லிக்கொண்டே எழுதினார். தலைப்பக்கம் பன்னிரண்டு மணியாம், விரல் பக்கம் ஆறு மணியாம். "மூண்டு மணிப் பக்கம் கொஞ்சம் ஆழம். ஒன்பது மணிப் பக்கம் நல்லா இரிக்கு." ஒரு குதிக்காலில் இத்தனை மணி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவருக்கு என் முகம் பிடித்திருக்க வேண்டும். மற்றக் காலையும் காட்டிப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

"புத்தகத்தில, அழுந்தின இடம் சிவக்கும் எண்டு போட்டிரிக்கும். அது வெள்ளைத் தோலுக்கு. எங்கட தோல் சிவந்து காட்டாது கா. கண்ணை நம்பாதீங்க. புறங்கையை வைச்சுப் பாருங்க. சுத்தி இரிக்கிற இடத்தை விடச் சூடா இரிக்கா, கல்லு மாதிரி இரிக்கா எண்டு பாருங்க. அப்பிடி இரிந்தா உரஞ்சக் கூடாது, என்னைக் கூப்பிடணும்."

நான் என் புறங்கையை அண்ணையின் இடது குதியில் வைத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணையின் காலைத் தொட்டேன் என்று நினைக்கிறேன். அண்ணை கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். அக்கா அவரின் வலது கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து, குதிக்கால் எதிலும் படாமல் காற்றில் நிற்கும்படி செய்தார். "இந்தக் குதி இனி மூண்டு மாசத்துக்கு ஒண்டிலயும் முட்டக்கூடாது. மகாராசா மாதிரி இரிக்கட்டும்."

அதோடு நிற்கவில்லை. அண்ணையை நிறுப்பதற்குச் சில்லு வைத்த தராசுக் கதிரை ஒன்று உருண்டு வந்தது. "ஒருக்கா நீங்க இருங்க கா. இது பொய் சொல்லுதா எண்டு பாக்கணும்" என்று முதலில் என்னை அதில் இருத்தினார். எழுபத்திரண்டு கிலோ. சரிதான் என்றேன். அதையும் தன் சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு பிறகு என்னைப் பிடிக்க வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போகும்போது கட்டளை சொல்லிவிட்டுப் போனார். புண் ஆறுவதற்கு உடம்புக்குப் புரதம் வேண்டும். இல்லத்தில் சாப்பாட்டுத் திட்டம் போடும் பெண்ணோடு கதைத்தாயிற்று, மத்தியானத் தட்டில் தினமும் ஒரு அவித்த முட்டை கூடுதலாக வரும், கோழியோ மீனோ வரும், எல்லாம் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்றார்.

அன்று பின்னேரமே அண்ணி ஃபோன் எடுத்தார். அண்ணி, என் அண்ணையின் மனைவி. பகலில் வேலை. பிக்கரிங்கிலிருந்து பின்னேரம்தான் வந்து பார்ப்பார். என் வீடு இல்லத்துக்குக் கிட்ட, வேலை பின்னேரத்துக்குப் பிறகு. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது என் பொறுப்பு.

"தம்பி, உவங்கள் முட்டை குடுக்கப் போறாங்களாம். உண்மையே?"

"ஓம் அண்ணி. நேர்ஸ் சொன்னவ."

"புண்ணோட கிடக்கிற மனிசனுக்கு முட்டையோ? கிரந்தியெல்லே. சீழ் பிடிச்சுப் போடும். கோழி அதைவிடச் சூடு. ஒண்டும் அவற்ற வாய்க்குள்ள போக விடாதையும்."

"அண்ணி, அவ படிச்ச நேர்ஸ்."

"அவ நேர்சுக்குப் படிச்சவ. கிரந்திக்குப் படிச்சவவே?"

கிரந்தி என்றால் என்னவென்று எங்கள் பகுதி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புண்ணைக் கிளப்பும், சொறியை வரவழைக்கும் என்று எங்கள் வீடுகளில் ஒதுக்கிவைக்கும் சாப்பாட்டுக்கெல்லாம் அதுதான் பெயர். கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, இறால், நண்டு என்று அந்தப் பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். அண்ணியின் பட்டியல் மிக நீளமானது. அதிலிருந்து தப்பியவை சோறு, பருப்பு, தயிர், அவித்த கரட். நான் கனடா வந்த நாளிலிருந்து எட்டு வருடம் அண்ணியின் கையால் சாப்பிட்டவன். அண்ணியை மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழும்பாது.

அடுத்த நாள் மத்தியானம் தட்டு வந்தது. சோறு, கரட், ஒரு துண்டு கோழி, தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் முட்டை. நடுவில் வெட்டி மிளகுத்தூள் தூவியிருந்தார்கள். தட்டு திரும்பிப் போகும்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். குப்பைக் கூடையிலோ வெள்ளைப் பை, போட்டால் வெளியே தெரியும். அதோடு, நான் வளர்ந்த வீட்டில் சாப்பாட்டை எறிவது பாவம். சாப்பிடுவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. முட்டையை எடுத்து என் வாய்க்குள் போட்டேன். கோழியும் பின்னால் போனது.

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டு என் வாயையே பார்த்தார்.

"மிளகு போட்டவங்களோ?"

"ஓம் அண்ணை."

"உப்பு?"

"அளவா இருக்கு."

"ம்" என்றார். அண்ணி சொன்னால் அவருக்கும் அதுதான் சட்டம்.

இப்படியே மூன்று வாரம் நடந்தது. தட்டுகள் வெறுமையாகத் திரும்பிப் போயின. எழுதும் பெண் ஒவ்வொரு நாளும் 'முழுதும் சாப்பிட்டார்' என்று எழுதினாள். அதில் பொய் இல்லை, யார் என்பதுதான் எழுதப்படவில்லை.

ஆனால் புண் அசையவில்லை. மூன்று மணிப் பக்கமும் அப்படியே, ஒன்பது மணிப் பக்கமும் அப்படியே. அண்ணை மெலிந்துகொண்டு போனார். மூன்றாம் கிழமை அண்ணையைக் கால் பார்க்கும் விசேட வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வரும்போதும் இப்படியே இருந்தால் பாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று சொன்னார். அறைக்குத் திரும்பி வந்ததும் அண்ணை என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "பாதத்தைப் பற்றி யோசிக்கிறது எண்டா, எடுக்கிறதைத்தானே சொல்லுறாங்கள்?" அன்றைக்கு முட்டை என் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். இறக்கினேன் என்பதுதான் வெட்கக்கேடு. வைத்தியர் சொன்னதைக் கேட்டு அண்ணி பத்தியத்தை இன்னும் இறுக்கினார். தயிரையும் நிறுத்தலாமா என்று யோசித்தார். நான் அதற்கும் தலையாட்டியிருப்பேன்.

அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. புண் ஒன்று ஆறாவிட்டால் யாரோ அவரை அவமதித்தது போலத்தான். "தட்டும் வெறுமை, ஆளும் வெறுமை. அப்ப சாப்பாடு எங்க கா போகுது?" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு துப்பறியத் தொடங்கினார். முதலில் தராசுக் கதிரையைச் சந்தேகித்தார். அதைத் திருத்துபவரை அழைத்துப் பார்த்தார், கதிரை சுத்தம். பிறகு குசினிக்குப் போய் முட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்தாராம். அங்கே இருந்தவர்கள் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் முட்டைப் பெட்டியை மூடிவைப்பார்கள். அண்ணையின் தலையணை உறையைக் கழற்றி உதறினார், மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தார், ஜன்னலில் இருந்த பூச்சாடியில் விரலை விட்டுக் கிண்டினார்.

அடுத்தது பக்கத்துக் கட்டில் இத்தாலியக் கிழவர். மனுசனுக்கு இங்கிலிஷ் அதிகம் தெரியாது. அக்கா அவரைக் கதிரையில் இருத்தி நிறுத்தார். கிழவர் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார். அவர் நிறை ஒரு அவுன்ஸும் மாறவில்லை. நான் எல்லாவற்றையும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ளன் பொலிசோடு சேர்ந்து தேடியது போலத்தான்.

இருபத்தோராம் நாள். முட்டையை விழுங்கி முடித்து, எழும்பி என் கோட்டைப் போட்டேன். நடுப் பொத்தான் பூட்ட மறுத்தது. இழுத்துப் பார்த்தேன். வாசலில் அக்கா நின்றார். அவர் கண் என் பொத்தானில் நின்றது. பிறகு அண்ணையின் கன்னத்துக்குப் போனது. மறுபடி பொத்தானுக்கு வந்தது. போய்த் தராசுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இருங்க கா. கதிரை பொய் சொல்லுதா எண்டு ஒருக்காப் பாக்கணும்."

இருந்தேன். எழுபத்தைந்தரை. அக்கா சின்னக் கொப்பியைப் பின்னால் புரட்டினார்.

"இவர் மூண்டு கிலோ குறைஞ்சிரிக்கார். நீங்க மூண்டரை கூடியிரிக்கீங்க" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. "எத்தனை முட்டை?"

"இருபத்தொண்டு."

"கோழி?"

"அதுவும்தான்."

"மீன்?"

"மீன் எப்பவாவதுதான் வரும்."

"தயிர்?"

"அது அண்ணை சாப்பிட்டவர்."

"அதையாவது விட்டீங்களே." அண்ணையின் குதிக்காலைக் காட்டினார். "இந்த வீட்டைக் கட்ட நான் கல்லு அனுப்பிக்கொண்டிரிக்கன். நீங்க வழியில நிண்டு வாங்கி உங்கட வீட்டைப் பெருப்பிச்சிரிக்கீங்க." என் வயிற்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் இருந்ததை அந்த இல்லத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை. "ஏன் கா அப்பிடிச் செய்தீங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையிலேயே அறிய வேண்டும் என்ற ஆவல்தான் இருந்தது. அதுதான் என்னை உடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கிரந்தி, அண்ணி, எட்டு வருடச் சாப்பாடு, எல்லாம். கண் கலங்கிவிட்டது. அண்ணை கட்டிலில் கிடந்தபடி, "அவனைப் பேசாதேங்கோ தங்கச்சி. நானும் வாயைத் திறக்கேல்லைத்தானே" என்றார். காலை இழக்கப் போகிறவர் எனக்காக வழக்காடினார்.

அக்கா எழும்பினார். "நாளைக்கு உங்கட அண்ணியைக் கூட்டி வாங்க" என்றார். போகும்போது அண்ணையின் கோப்பில் உண்மையை எழுதிவிட்டுத்தான் போனார். நோயாளியின் முட்டையைச் சாப்பிட்டவர் என்று என் பெயர் கனடாவின் மருத்துவக் கோப்பு ஒன்றில் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த நாள் அண்ணி லீவு போட்டுவிட்டு வந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் கதவோரம் நின்றேன், ஓடத் தேவைப்பட்டால் வசதி. அக்கா புரதம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

"அக்கா, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

அண்ணி திகைத்துப்போனார். "மூண்டு."

"பிள்ளை பெத்த நேரம் உங்கட அம்மா என்ன தந்தவங்க?"

அண்ணியின் முகம் மலர்ந்தது. எங்களுடைய பெண்களிடம் இதைக் கேட்டால் மலராத முகம் இல்லை. "எல்லாம் முறையாச் செய்தவ. மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் அரைச்சுச் சரக்குக் கறி. நிறைய உள்ளி போட்டு, சின்ன மீனில ஒரு நாள், ஊர்க் கோழிக்குஞ்சில ஒரு நாள். பால் சுறா வறை. காலமை முட்டைக் கோப்பி. துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஒரு நாள் தப்ப விடேல்லை."

"முட்டைக் கோப்பியா?"

"ஓம், முட்டை அடிச்சு, ஒரு சொட்டுப் பிரண்டியும் ஊத்தித்தான். இல்லாட்டி உடம்பு தேறாது."

"கோழியும் முட்டையும் கிரந்தி இல்லையா அக்கா?"

"அது பத்தியக் கறியெல்லே. சரக்குப் போட்டுக் காய்ச்சினா ஒண்டும் செய்யாது. அதோட அது பச்சை உடம்பு. உள்ளுக்குக் காயம். குடுத்தாத்தான் ஆறும்." சொல்லி முடித்ததும் அண்ணியின் கண் அண்ணையின் கட்டின காலுக்குப் போனது.

அக்கா எழும்பி, அண்ணையின் காலில் சுற்றியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தார். "இஞ்ச வந்து பாருங்க அக்கா." அண்ணி அந்தப் புண்ணை அதுவரை பார்த்ததே இல்லை. பின்னேரங்களில் வந்து, கட்டின காலுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போவார், அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தார். கைப்பை நிலத்தில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இதுவும் பச்சைதான் அக்கா. நீங்க சொன்ன அதே பத்தியத்தை இவருக்குக் காய்ச்சித் தாங்க. முட்டைக் கோப்பிக்குச் சீனி போடாதீங்க, பிரண்டியும் வேணாம். இவற்ற மருந்துக்குச் சரியா எண்டு டொக்டரிட்டயும், சாப்பாட்டுத் திட்டம் போடுற பிள்ளையிட்டயும் நான் கேட்டு எழுதிப்போட்டன்."

அண்ணி குனிந்து கைப்பையை எடுத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நல்ல சின்ன மீன் எங்க கிடைக்கும்? மோர்ணிங்சைட் பக்கத்துக் கடையில கேட்டுப் பாரும்."

மறுநாளிலிருந்து அண்ணி வேலைக்குப் போகும் முன் சமைத்து, ஃபிளாஸ்க்கில் அடைத்து, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். எழுபது வயது மனுசன் பிள்ளைப்பெற்றுக்காரியின் பத்தியத்தில் இருத்தப்பட்டார். முதல் நாள் சரக்குக் கறியின் வாசம் நடைபாதையில் பரவியபோது, அண்ணை என்னைப் பார்த்து, "நான் என்ன பிள்ளையே பெத்தனான்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முட்டையை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூன்று வாரம் அவர் என் வாயைப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி சும்மா விடவில்லை. இதற்கும் முப்பத்தொரு நாள் கணக்கு வைத்தார். இத்தாலியக் கிழவர் ஒவ்வொரு மத்தியானமும் மூக்கைத் தூக்கி மணந்துவிட்டு, என்ன வருத்தம் வந்தால் இந்தக் கறி கிடைக்கும் என்று கையால் கேட்டார். அக்கா என்னை நம்பவில்லை. அண்ணையை நிறுக்கிற நாளெல்லாம் எனக்கும் தராசு. அண்ணை அரைக் கிலோ கூடி, நான் அரைக் கிலோ குறைந்தால்தான் அவருக்குத் திருப்தி.

இரண்டாம் கிழமை ஒன்பது மணிப் பக்கம் உள்ளே வந்தது. பிறகு ஆறு மணி. புண் ஓரம் ஓரமாகச் சுருங்கியது. விசேட வைத்தியர் அடுத்த மாதம் பார்த்தபோது பாதத்தைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை, இப்போது செய்வதையே செய்யுங்கள் என்றார். முப்பத்தோராம் நாள் அக்கா அளந்துவிட்டு, மூன்று மணிப் பக்கம் மட்டும்தான் மிச்சம் என்றார். அண்ணி கணக்கை இன்னொரு முப்பத்தொன்றுக்கு நீட்டினார். வைகாசி பிறந்தபோது புண் உளுந்து அளவுதான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அடிமட்டத்தை வைத்த அக்கா, அதைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டார். அளக்க ஒன்றும் இல்லை. மெல்லிய புதுத்தோல் மட்டும் இருந்தது. அண்ணி அழுதார். அண்ணை, "உதுக்கு ஏனப்பா அழுறீர்?" என்று சொல்லித் தானும் அழுதார்.

வீட்டுக்குப் போகும் நாள். அண்ணைக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தோம். அது குதியில் உரசுகிறதா என்று பார்க்க அக்கா நிலத்தில் முழங்காலில் இருந்தார். எந்தக் காலத்திலும் நின்றே வேலை செய்பவர், கொஞ்சம் தடுமாறினார். அவருடைய சப்பாத்து பின்னால் கழன்றது. அண்ணைதான் முதலில் கண்டார். மூன்று மாதம் குதிக்காலைத் தவிர வேறு கதை கேட்காதவரின் கண் வேறு எங்கே போகும்? அக்காவின் குதிக்கால் காய்ந்து, நீளமாக வெடித்து, அதன் மேல் ஒரு பிளாஸ்ரர் பாதி கழன்று தொங்கியது.

"தங்கச்சி, மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டார் அண்ணை.

அக்காவின் கண் தள்ளுவண்டிக்குப் போனது. அதில் வழக்கம்போல ஆறிப்போன தேநீரும், இரண்டு பிஸ்கட்டும் இருந்தன. ஊரின் குதிக்கால் எல்லாம் பார்த்தவரின் குதிக்காலை ஒருவரும் பார்த்ததில்லை. மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் அந்த அறையில் இருந்த நானும் பார்க்கவில்லை.

அண்ணி அக்காவைக் கையில் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் இருத்தினார். குனிந்து, தன் புறங்கையை அந்தக் குதியில் வைத்துப் பார்த்தார். "சூடில்லை. ஆனா நல்லாக் காய்ஞ்சு போச்சு பிள்ளை" என்றார். பிறகு, வழியில் அண்ணைக்கென்று கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து, சோற்றைப் போட்டு, சரக்குக் கறியை ஊற்றி, மேலே முட்டையை வைத்து நீட்டினார். அக்கா வேண்டாம் என்றார். வேலை இருக்கிறது என்றார். அண்ணியிடம் அது எடுபடுமா?

அக்கா சாப்பிட்டார். அவர் முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முட்டையில் நான் கை வைக்கவில்லை.